எம்.எல்.ஏ. ஆபீஸ் மாடியில் பதினேழு மாடுகள்

என் அக்கா வீட்டுக்காரர் ஐந்து வருடம் எம்.எல்.ஏ.வாக இருந்தார். அந்த ஐந்து வருடமும் நான்தான் அவருக்கு பி.ஏ.வாக இருந்தேன். காலேஜில் படித்தவன், சிதம்பரத்தில் குடியிருப்பவன், தப்பில்லாமல் மனு எழுதத் தெரிந்தவன் என்பதால் அக்கா என்னைக் கோர்த்துவிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டால் ஊரைவிட்டே ஓடிவிடுவேன்.

மாமாவுக்குக் குமராட்சி பக்கம், கொள்ளிடக் கரையோரம் பெரிய மாட்டுப் பட்டி. எருமையும் பசுவுமாக அறுபது எழுபது உருப்படி இருக்கும். ஒரு வருடம் வெள்ளம் வந்தபோது சனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சாப்பாடு போட்டார்கள். மாடுகள் எங்கே நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை. பட்டியில் பாதி போய்விட்டது. மறுநாள் பார்வையிட வந்த அதிகாரிகளிடம் மாமா போட்ட சத்தத்தை யாரோ செல்போனில் எடுத்து அனுப்ப, அது எங்கெங்கோ சுற்றி, அடுத்த தேர்தலில் கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து சீட் கொடுத்தார்கள். மாமா சொன்ன வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான்: வெள்ளத்தில் மாடுகள் நிற்க உயரமாக ஒரு மண்மேடு. பாலம், வேலைவாய்ப்பு, கலைக் கல்லூரி எல்லாம் நோட்டீஸில் நானாகச் சேர்த்தவை. ஜெயித்துவிட்டார்.

ஜெயித்தவருக்கு மாட்டைத் தவிர வேறெதுவும் பார்க்கத் தெரியாது என்பது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. மனு கொடுக்க வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டார், நடையைப் பார்ப்பார். ரேஷன் கார்டு கேட்டு வந்த பெரியவரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "பின்னங்கால் இழுக்குது மச்சான், ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் போட்டுக் குடு" என்றார். ஒன்றியப் பதவி கேட்டு வந்த ஒருவரைத் தலையைக் குனியச் சொன்னார். ஆசீர்வாதம் என்று நினைத்து அந்த மனிதர் தடாலென்று காலில் விழுந்தார். மாமா குனிந்து அவர் உச்சந்தலையில் முடியை விலக்கிப் பார்த்துவிட்டு என் காதில், "ரெட்டைச் சுழி, கட்டுத்தறியில நிக்காது" என்றார். பதவி கொடுக்கவில்லை. இரண்டே மாதத்தில் அவர் கட்சி மாறிவிட்டார். அதிலிருந்து மாமாவுக்குத் தன் மேலேயே பயங்கர நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் மேட்டைக் கெடுத்தது. கடலூரில் ஒரு அலுவலகத்துக்கு மேடு விஷயமாகப் போனோம். அங்கிருந்த இன்ஜினியர் வெளியூர்க்காரர், சாது. நான் ஃபைலைக் கேட்பதற்குள் மாமா அவர் கையைப் பிடித்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டு மூடிவிட்டார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிப்பார்கள், பிடித்த விரல்தான் கணக்கு, வாய் திறக்க மாட்டார்கள். எதிராளி கையை உருவாமல் இருந்தால் பேரம் முடிந்தது, அப்புறம் மாற்றுப் பேச்சு கிடையாது. மாமா ஐந்து விரலையும் இரண்டு முறை அழுத்தினார். பத்தடி. இன்ஜினியர் கையை உருவவில்லை. எம்.எல்.ஏ. பிடித்த கையை எப்படி உருவுவார் பாவம், சிரித்துக்கொண்டே நின்றார்.

"முடிஞ்சிது மச்சான், பத்தடி. கிளம்பு" என்றார் மாமா.

நான் ஃபைலை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது இன்ஜினியர் என் பின்னாலேயே வந்து, "சாருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்.

ஃபைலில் நாலடி என்றுதான் இருந்தது. ஷேர் ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே நின்று படித்தேன், தெளிவாகவே இருந்தது. சொன்னால் மாமா திரும்ப உள்ளே போய்ச் சத்தம் போடுவார், மறுபடியும் ஒரு வருடம் அலைய வேண்டும், திறப்பு விழாவுக்கு நான் அழைப்பிதழ் வேறு எழுதி வைத்திருந்தேன். சொல்லவில்லை. திறப்பு விழாவன்று மேட்டைப் பார்த்த மாமா, "மீதி மண்ணு அப்பறமா வரும், கை குடுத்துட்டாரு" என்றார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருடம் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். காலையில் மேட்டின் மேல் கட்டிய மாடுகளுக்கு மதியத்துக்குள் வயிறு வரை தண்ணீர். நடக்க முடிந்ததையெல்லாம் தார் ரோட்டில் மேற்கே ஓட்டிவிட்டார்கள். சினையும், கன்று போட்டு இரண்டு நாள் ஆனதுமாகப் பதினேழு மிஞ்சின. அதில் மாமாவுடையது ஒன்றுதான், மற்றவை ஊர்க்காரர்களுடையவை. மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் கொஞ்சம் மேடான இடத்தில் இருந்தது அவருடைய ஆபீஸ் ஒன்றுதான், அதற்கு மாடி உண்டு.

படி ஏறுவதற்கு மாடுகள் அவ்வளவாக அடம் பிடிக்கவில்லை. மூன்று நாள் மாடியில் நின்று, அங்கே அடுக்கியிருந்த ஐந்து வருட மனுக்களை நிதானமாகத் தின்றன. முதியோர் பென்ஷன் விண்ணப்பம் முழுவதையும் ஒரே எருமை முடித்தது. மூன்றாம் நாள் நிவாரணம் கொடுக்கக் கட்சி மேலிடத்திலிருந்து வந்தவர் மாலையும் போட்டோகிராபருமாக மாடியேறினார். எருமை மாலையை வாங்கிக்கொண்டது. அந்தப் படம் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

ஏறிய மாடு படி இறங்காது என்பது எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. மணல் மூட்டை அடுக்கிப் படியைச் சரிவாக்கி, பெண்ணாடத்திலிருந்து ஒரு லாரி கரும்புத் தோகை வரவழைத்துக் காட்டிக் காட்டி, இரண்டு நாளில் ஒவ்வொன்றாக இறக்கினோம். ஒன்றுக்கும் கால் ஒடியவில்லை.

அடுத்த தேர்தலுக்கான கட்சி நேர்காணல் கடலூரில் நடந்தது. நான் நான்கு பக்கத்துக்குச் சாதனைப் பட்டியல் டைப் அடித்துக் கொடுத்திருந்தேன். மேடுதான் முதலில், கலர் படத்தோடு. "அஞ்சு வருஷத்துல தொகுதிக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்கள். மாமா பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பதினேழு மாட்ட மாடி ஏத்துனேங்க. பதினேழையும் எறக்குனேங்க."

யாரோ சிரித்தார்கள். சீட் வேறு ஒருவருக்குப் போனது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பட்டியலை எடுத்து மேட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலடின்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா மச்சான்?"

"தெரியும் மாமா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லியிருக்கலாமே" என்றார். "மீதி மண்ண நானே அடிச்சிருப்பேன்."