வானத்தில் பூந்தி

வேலையிலிருந்து நிமிர்ந்ததும் கோவிந்தராஜ் அண்ணன் வெளியே பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். கையில் ஈயப் பற்றுவைக்கும் கம்பி புகைந்துகொண்டிருக்கும். போனைப் பழுதுபார்க்கக் கொடுத்தவர், "இன்னாபா, தூங்கிட்டியா?" என்பார். "இல்ல நைனா. கண்ணு கிட்டக்கயே மாட்டிகினு கீது. வுட்டுரும், இரு."

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய செல்போன் கடை. நாள் முழுக்கக் குனிந்து, பூதக்கண்ணாடி வழியாகக் கடுகளவு சில்லுகளோடு மல்லுக்கட்டு. மனசு மட்டும் எங்கள் மொட்டை மாடியில் இருக்கும், புறாக்கூண்டுக்குள். அவர் மாடி வீடு, நாங்கள் கீழ் வீடு. இருக்கிற புறாக்களில் வெள்ளைப் பூந்திதான் செல்லம்.

முன்பெல்லாம் அவரை ஏமாற்றவே முடியாது. காற்றில் போகும் பிளாஸ்டிக் பையைக் காட்டி, "அண்ணாத்தே, பூந்தி!" என்று கத்துவேன். "மூஞ்சப் பாரு. அது கறிக்கட பைடா" என்பார். மெட்ரோத் தூண்கள் முளைக்காத காலம். வானம் முழுசாகக் கிடைத்தது. புள்ளியாகிவிட்ட புறாவையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.

போன மாசம் ஒரு காக்காயைக் காட்டினேன். "எங்கடா, எங்க?" என்று நெற்றியில் கைவைத்துத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "போய்ட்ச்சிண்ணா" என்றேன்.

கடையைச் சாத்திய கையோடு, களைத்த கண்ணோடு கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சோதித்துக் கண்ணாடி வாங்கினார். காலையில் போட்டால் தலைவலி. அப்புறம் கண் டாக்டரிடம் போனார். அவர் சொட்டு மருந்து விட்டு மறுபடி பார்த்ததில் பவரே இல்லை.

தேர்வில் கண்ணுக்குப் பாகம் குறிக்கச் சொன்னால் மீசை வரைந்துவைத்தவன் நான். எனக்கே புரியும்படி அண்ணன் சொன்னார்: "கெண்டக்காலு புடிச்சிக்கும்ல? அத்த மாரி கண்ணுக்குள்ள ஒரு சத கீதாம். கிட்டக்கயே பாத்துப் பாத்து இறுகிக்கினு வுட மாட்டேங்குது. அப்போ தூரமெல்லாம் கலங்கிடும்." அடிக்கடி வேலையை நிறுத்தித் தூரத்தைப் பார்க்கச் சொன்னாராம் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை புறாப் பந்தயம். அதிக நேரம் இறங்காமல் பறக்கும் புறாவுக்கு ஜெயம். நடுவர் கேட்டால் சொந்தக்காரர் தன் புறாவை வெறுங்கண்ணால் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், புறா பறந்துகொண்டே இருந்தாலும் ஆட்டம் காலி. "சனிக்கெயம கட லீவுடா" என்றார் அண்ணன். பொங்கலுக்கே மூடாத மனுஷன்.

ஞாயிறு உச்சி வெயிலில் நடுவர் உத்தமன் மாடியேறி வந்தார். "கோவிந்தராஜு, உன்னுது எங்க? காட்டு."

மேலே பருந்து, காக்காய், என்னவென்றே தெரியாத சில புள்ளிகள். நாக்கு நுனிவரை வந்த குறும்பை விழுங்கிக்கொண்டேன். அண்ணன் கண்ணை மூடினார். திறந்தார். விரல் மேலே போனது, மெல்ல வட்டம் போட ஆரம்பித்தது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டு போனால், எனக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி அகப்பட்டது.

"ம்... கீது" என்றார் உத்தமன்.

அண்ணன் சட்டைப்பையில் போன் அலறியது. ஏதோ அவசர ரிப்பேராக இருக்கும். அவர் குனியவில்லை. வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல், இடது கையால் போனைத் தடவி எடுத்து என்னிடம் நீட்டினார். வலது கை விரல் அங்கே சுற்றிக்கொண்டே இருந்தது.