படித்துறையில் எடுத்த படம்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் வந்து எந்த லென்ஸ் நல்லது என்று கேட்பார்கள். எனக்குக் கோபம்தான் வரும். புது தோசைக்கல் வாங்கினால் மாவு தானாகப் புளித்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் என்னத்தைப் பேசுவது? இருக்கிற லென்ஸை வைத்து ஒரு வருடம் எடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும் விடியற்காலையில் எழுந்திருங்கள், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள் என்பேன். இவற்றைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது. இன்னொன்றை ஒரே காலையில் கற்றேன். அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. நானாகச் சொன்னால்தான் உண்டு.

சூலூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார்ப்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் நாள் முழுவதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கோவையில் உள்ள ஒரு புகைப்படக் குழுவோடு சுற்றுவேன். அந்தக் குழுவில் பெண்கள் நாலே பேர். வந்த புதிதில் சிலர் எனக்குக் கேமரா பிடிக்கவே சொல்லிக்கொடுக்கப் பார்த்தார்கள். அந்தக் கடுப்பை நான் மறக்கவே இல்லை. என்றாவது ஒருநாள் இவர்கள் எல்லோரும் என் படத்தின் முன்னால் வாயைப் பிளந்து நிற்க வேண்டும் என்று மனதில் ஒரு வீம்பு இருந்தது.

அந்தப் படம் கொடுமுடியில் கிடைத்தது.

கொடுமுடிக்குத் தோஷப் பரிகாரம் செய்ய வருகிற சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. காவிரியில் குளித்துவிட்டு, உடுத்தியிருந்த துணியைப் படித்துறையிலேயே விட்டுவிட வேண்டும். மாற்றுத் துணி கட்டிக்கொண்டு படியேற வேண்டும். ஏறும்போது எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், துணியோடு விட்டுவிட்டு வந்த தோஷம் மறுபடியும் கூடவே வந்துவிடுமாம். ஆண்கள் அந்தப் பக்கம் கேமராவோடு போனால் விரட்டிவிடுவார்கள். நான் பெண் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழ்ப்படி ஒன்றில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு பெண் குளித்து முடித்து நீலப் புடவையில் படியேறிக்கொண்டிருந்தாள். அவள் விட்டுப்போன மஞ்சள் புடவை ஈரத்தோடு கல்லில் கிடந்தது. வெயில் பக்கவாட்டில் விழுந்தது. படம் முழுக்க எல்லாம் சரியாக அமைந்திருந்தது, முகத்தைத் தவிர. வெறும் முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விரல் பொத்தானில் இருந்தது. இன்னும் நாலு படி ஏறினால் அவள் நிழலுக்குள் போய்விடுவாள்.

"ஏனுங் கண்ணு" என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பினாள். திரும்பிய அந்த நொடியிலேயே தான் செய்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயம் முகத்தில் அப்படியே இருந்தது. மூன்று படம் எடுத்தேன். அவள் விடுவிடுவென்று ஏறிப் போய்விட்டாள். மேலே அவளுடைய அம்மா ஐயரோடு பேசிக்கொண்டு அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

குழுவின் ஆண்டுப் போட்டிக்கு அந்தப் படத்தை இயல்பான தருணங்கள் என்ற பிரிவில் அனுப்பினேன். படத்தில் இருப்பவரைக் கூப்பிடவோ, நிற்கச் சொல்லவோ, திரும்பச் சொல்லவோ இல்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். ஒரு சொல் கூப்பிட்டதெல்லாம் கணக்கா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பெனியில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து ஒதுக்குகிறவள்தான் நான். முதல் பரிசு வந்தது.

கண்காட்சி தொடங்கும் நாளன்று காலை ஒன்பதரைக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ், அது முழுக்க என் படம். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும். அதன் முன்னால் நின்று என்னை நானே செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

"ஏனுங்க, இந்த ஃபோட்டோ எடுத்தது யாருன்னு தெரியுங்களா?"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். "நான்தான் கண்ணு" என்று பெருமையாகத் திரும்பினேன். ஃப்ளெக்ஸில் இருந்த முகம் சுடிதார் போட்டுக்கொண்டு என் எதிரே நின்றது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை, நானும் நாலு வார்த்தை கத்தியிருப்பேன். பேச்சில் 'ங்க' குறையாமல், மூச்சை இழுத்து இழுத்துப் பேசினாள்.

"நேத்து சாயங்காலம் பஸ்ஸுல போறப்ப பார்த்தேனுங்க அக்கா. ராத்திரி முச்சூடும் தூங்கலைங்க. இதைக் கொஞ்சம் எறக்கிப்போடறீங்களா?"

விஷயம் இதுதான். இருபது நாளில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கிணத்துக்கடவுக்காரர். இதற்கு முன்னால் இரண்டு இடம் நிச்சயம் வரைக்கும் வந்து தட்டிப் போனதால்தான் அம்மா பிடிவாதமாகக் கொடுமுடிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அன்றைக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு வீட்டாரும் பத்தரை மணிக்கு வருகிறார்கள். பட்டுக்கடை மண்டபத்திலிருந்து மூன்றாவது கட்டடம். பஸ் நிறுத்தத்திலிருந்து இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"திரும்பிப் பார்த்தியா, பார்த்தியான்னு அன்னைக்கு அம்மா மூணு தடவை கேட்டாங்க. இல்லவே இல்லைன்னு சொல்லிப்போட்டேன். இதைப் பார்த்தாங்கன்னா கல்யாணத்தை நிறுத்திப்போடுவாங்க அக்கா. எனக்கு இதுல நம்பிக்கையெல்லாம் இல்லீங்க. என்ற அம்மாவுக்கு இருக்குது. எனக்கு அவரைப் புடிச்சிருக்குதுங்க."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். பத்து வருடம் கழித்துக் கிடைத்த பரிசு, அதுவும் இன்றைக்குத்தானா இவள் வர வேண்டும் என்று இருந்தது. மணியைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் திரும்பியிருக்கவே மாட்டேனுங்க. யாரோ கூப்புட்டாப்பல இருந்துச்சு. அது நீங்களாங்க அக்கா?"

"தெரியலையே கண்ணு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பிவிட்டாள். அவள் நம்பியது எனக்கு அறைந்தாற்போல் இருந்தது.

குழுவின் செயலாளரைத் தேடி உள்ளே போனேன். அவள் பின்னாலேயே வந்தாள். செயலாளர் ஹார்டுவேர் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தவர். மரியாதை தெரிந்த மனிதர். பதினொரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்ற பதற்றத்தில் குத்துவிளக்குக்குத் திரி தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"இந்த நேரத்துல வந்து சொன்னா நான் என்னங்க மேடம் பண்ணட்டும்? பொது எடத்துல எடுத்த படந்தானுங்களே. நாளைக்கு ஒவ்வொருத்தரும் வந்து என்ற படத்தை எறக்குன்னா, கண்காட்சிக்குச் செவுரு மட்டும்தானுங்க மிஞ்சும்." அவளைப் பார்த்துத் திரும்பி, "தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி. படம் ரொம்ப நல்லாருக்குதுங்க. பெருமைப்படோணும் நீங்க" என்றார்.

"என்னோட படம் சார். எனக்கே வேண்டாம்னு சொல்றேன்."

"பரிசு அறிவிச்சாச்சுங்க. அழைப்பிதழ்ல போட்டாச்சு. வர்றவரு அந்தப் படத்தைப் பத்திப் பேசறதுக்கே தயார் பண்ணிட்டு வர்றாருங்க. போட்டி விதின்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க மேடம்?"

விதி என்று அவர் சொன்னதும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம். சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. பத்து பத்து. ஐந்து நிமிடம் அங்கேயே நின்றேன் என்று நினைக்கிறேன். அவர் விளக்கிடம் போய்விட்டார். அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே நின்றாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவள் காதில் விழாமல் சொன்னால் வேலையும் முடியும், என் மானமும் மிஞ்சும். தண்ணீர் வாங்கி வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை.

"சார், அந்தப் படம் விதிப்படி செல்லாது. நான்தான் அந்தப் புள்ளையக் கூப்பிட்டுத் திரும்ப வெச்சேன். முகம் வேணும்னு கூப்பிட்டேன். படிவத்துல போட்ட கையெழுத்து பொய்."

திரி அவர் கையிலேயே இருந்தது. வரிசை வரிசையாகப் படங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர்தான் எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்க வந்தவர்.

"நெசமாலுமுங்களா?"

"நெசமாத்தான் சார்."

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. பிறகு, மெதுவாக, "அப்ப நீங்கதானுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அக்கா என்று சொல்லவில்லை.

செயலாளர் பெருமூச்சு விட்டார். "ஒரு வருசம் நீங்க போட்டிக்கு எதுவும் அனுப்ப முடியாதுங்க. கமிட்டி அதைத்தான் சொல்லும்." பிறகு மணியைப் பார்த்தார். "நில்லுங்க, கட்டிங் பிளேயர் எடுத்தாரேன்" என்றார். இத்தனைக்கு நடுவிலும் பிளேயர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஹார்டுவேர்க்காரர் அல்லவா.

ஃப்ளெக்ஸைச் சவுக்குக் கம்பில் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். காற்றுக்கு விழக்கூடாது என்று பன்னிரண்டு இடத்தில் கட்டு. நாற்காலி மேல் அவர் ஏறி மேல் கட்டுகளை வெட்டினார். நான் கீழே உட்கார்ந்து வெறுங்கையால் முறுக்கைப் பிரித்தேன். விரல் கிழிந்து ரத்தம் வந்தது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் அவள் தோள் விறைத்தது. ஒரு பக்கம் மடிந்து தொங்கிய ஃப்ளெக்ஸில் அவள் முகத்தில் பாதி மட்டும் தெரிந்தது. இன்னும் மூன்று கட்டு பாக்கி.

"வந்துட்டாங்க" என்றாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ஆறேழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த அம்மாவைக் கொடுமுடியில் முதுகுப் பக்கம் மட்டும்தான் பார்த்திருந்தேன், ஆனாலும் தெரிந்துவிட்டது. செயலாளர் கடைசி மூன்று கட்டையும் விட்டுவிட்டுக் கம்பையே பிடுங்கிச் சாய்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து கம்போடு ஃப்ளெக்ஸைச் சுருட்டினோம். படம் உள்பக்கம் போனது. நான் அதன் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா வந்துவிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. "ஏங் கண்ணு, கடைகிட்ட நிக்கறேன்னு சொல்லிப்போட்டு இங்க நிக்கறே?" என்று மகளைக் கேட்டார். பிறகு என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"இவங்க யாருங் கண்ணு?"

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். என்னைக் காட்டிக்கொடுப்பதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் என்னைக் காட்டிக்கொடுத்தால் அவளும் அல்லவா மாட்டிக்கொள்வாள்.

"ஃபோட்டோ கண்காட்சிங்கம்மா. சும்மா பேசிட்டிருந்தேன்."

"அப்படீங்களா. எம் புள்ளைக்குக் கல்யாணமுங்க. பட்டு எடுக்க வந்திருக்கோம்" என்றார் அம்மா என்னிடம், எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிற சந்தோஷத்தோடு. "நல்ல நாளாப் பாத்து கேமராவோட நிக்கறீங்க. இவளை ஒரு படம் எடுங்களேன். செல்லுல எடுத்தா இவ மொகமே சரியா விழறதில்லீங்க."

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அவள் வெயிலில் நின்றாள். நெற்றியில் வெளிச்சம் சரியாக விழுந்தது, பின்னணியில் மண்டபத்தின் வெறும் சுவர். பத்து வருடப் பழக்கம், கை தானாகக் கேமராவுக்குப் போனது. கிழிந்த விரல் பொத்தானில் பட்டு எரிந்தது. கண்ணில் வைக்காமல் அவளைப் பார்த்தேன்.

"எடுக்கட்டுமா கண்ணு?"

ஒரு மனுஷியிடம் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"வேண்டாங்க" என்றாள்.

"ஏம் புள்ளை, ஒண்ணே ஒண்ணுதானே" என்றார் அம்மா.

"வேண்டாங்கம்மா. போலாம் வாங்க."

நான் லென்ஸுக்கு மூடியைப் போட்டேன். அவர்கள் பட்டுக்கடைக்குப் போனார்கள். சுருட்டிய ஃப்ளெக்ஸ் அவள் உயரம்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நான் அந்த வாசலில் நின்றேன்.