பித்தளை அண்டாவும் பாதைப் பட்டியலும்

எங்கள் முற்றோதல் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பதிகங்கள் அனைத்தையும் ஒரே நாளில் ஓதி வருகையில், நிறைவுப் பதிகத்தைக் குழுவின் மூத்தவரே பாடுவார். அவர் பாடி முடிக்காமல் தீபாராதனை இல்லை. அந்த மூத்தவர் என் நண்பர். சென்ற ஆண்டு பக்கவாதம் அவரைக் கட்டிலில் கிடத்தியது; குரலை மட்டும் விட்டுவைத்தது.

கீழக்குயில்குடியில் அவர் வீடு மலையடியை ஒட்டியது. பாறை மறைப்பதால் அங்கே கைப்பேசிப் பேச்சு பாதியிலேயே அறுந்துவிடும். கோயிலுக்கு அவர் குரல் வந்து சேர ஒரு வழி சொன்னவர், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பொறியாளர் அம்மையார். மதுரை நெசவாளர் குடும்பத்தவர். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். மாடிகளில் சிறு கம்பியில்லாப் பெட்டிகளை வைத்தால், ஒன்று கேட்டதை அடுத்தது வாங்கிக் கடத்தும் என்றார்.

நண்பர் வீட்டிலும் கோயிலிலும் ஒவ்வொன்று; இடையே என் வீட்டு மாடியில் ஒன்று வைத்தார். மாற்று வழிக்கான இன்னொன்றுக்கு ஆட்டுக்கறிக் கடை மாடியைப் பார்த்தபோது நான் தடுத்தேன்.

“பதிகம் போற வழிம்மா. அங்க வேண்டாமே.”

“கோயிலுக்கு வாரப்ப அந்தக் கடையைத் தாண்டித்தான வாரீங்க, ஐயா? பதிகம் மட்டும் சுத்தி வரணுமாக்கும்,” என்று சிரித்தவர், மடிக்கணினியைத் திறந்து காட்டினார்.

பெட்டிக்குள் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் ஒரு பாதைப் பட்டியலை வைத்திருக்கிறது. சேர வேண்டிய இடம் எது, அதற்காக அடுத்து எந்தப் பெட்டியிடம் கொடுப்பது, அவ்வழியின் சிரமம் எவ்வளவு, அக்குறிப்பு எவ்வளவு நேரம் செல்லுபடியாகும். ஒரு வரியில் ஏறக்குறைய இவ்வளவே. முழு வழியும் எந்தப் பெட்டிக்கும் தெரியாது. வழி அறுந்தால், அறுந்தது என்ற தகவல் அனுப்பிய பெட்டிக்கே திரும்பி வரும். உடனே அது அக்கம்பக்கத்துப் பெட்டிகளையெல்லாம் விசாரித்து வேறு வழி காணும். அடுத்த அடியை மட்டும் அறிந்து, கண்ணால் காணாத இடத்தைச் சென்றடைவதையே நாங்கள் ஆயுள் முழுதும் பாடிக்கொண்டிருக்கிறோம். பெட்டியை நானே தூக்கிக் கொடுத்தேன். பெட்டி கறிக்கடை மாடியில் ஏறியது.

முற்றோதல் நாளன்று முற்பகலில் தூறல் விழுந்தது. பதிகம் சுமக்கும் பெட்டி நனையலாமா? வழியில் எதையும் பாராமல் வீட்டுக்கு விரைந்தேன். பூசையறைப் பித்தளை அண்டாவைக் கழுவி, திருநீறு இட்டு, பெட்டியின் மேல் கவிழ்த்துவிட்டு அதே வேகத்தில் மனநிறைவோடு திரும்பினேன்.

நிறைவுப் பதிகம் நெருங்கியபோது அம்மையார் திரையிலிருந்து தலை நிமிர்த்தினார்.

“ஐயா, உங்க வீட்டு வழி செத்துப்போச்சு. மாடியில ஏதாச்சும் செஞ்சீங்களா?”

“மழைக்கு அண்டாவைக் கவுத்து வச்சேன்.”

“பித்தளையா?”

“பூசை அண்டாம்மா.”

அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “அதைத் தாண்டி அலை எப்படி ஐயா போகும்? பெட்டிக்கு உயிரோட சமாதி கட்டிட்டீங்க. நல்லவேளை, பட்டியல் கறிக்கடை வழியைப் பிடிச்சிருச்சு.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மதியம் ஒரு மணிக்குக் கடையைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவது கடைக்காரர் வழக்கம். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது; எந்த நொடியும் அவர் அணைக்கலாம். அண்டாவை எடுக்க ஓடவும் நேரமில்லை. ஒலிபெருக்கியில் நண்பர் தொடங்கிவிட்டார்.

ஒவ்வோர் அடிக்கும் அவர் மூச்சு வாங்கினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும், நின்றது மூச்சா மின்சாரமா என்று அறியாமல் நான் தூணைப் பற்றிக்கொண்டேன். குரல் மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது. கடைசி அடியை அவர் இருமுறை பாடினார். தீபம் காட்டினார்கள்.

பிரசாத இலையோடு நேரே கறிக்கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. வாசலில் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

“பூட்டிட்டு மெயினை அணைக்கலையா அண்ணே?”

“நீங்க ஓதுற நாளுன்னு இன்னைக்குக் கடையே தெறக்கலை, சாமி. பெட்டிக்காகக் கரண்டை விட்டு வச்சேன். பெரியவர் முழுசாப் பாடிட்டாருல்ல?”

“பாடிட்டார்,” என்று சொல்லி, இலையை இரு கைகளாலும் அவரிடம் நீட்டினேன். அதன் பின்னரே அண்டாவை எடுக்க என் வீட்டு மாடி ஏறினேன்.