ரஜனியின் சேணத்துக்கு ஓர் அடி இருக்கை

மாத்தளை டவுனில் என் சித்தி ஸரீனா சாச்சியின் குஷன் கடைக்குத் த்ரீவீல், மோட்டார் சைக்கிள் சீட்டுகள்தான் வரும். அன்று இரத்தோட்டை ஊர்க்காரி ரஜனி தோளில் சுமந்து வந்தது குதிரைச் சேணம். தோல் உரித்த வெறும் மரச்சட்டம். முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு குமிழ்.

தம்புள்ளைப் பக்கம் ஒரு குதிரைப் பண்ணையில், சுற்றுலா வருபவர்களைக் காட்டுப்பாதையில் கூட்டிப்போகும் வேலை ரஜனிக்கு. போன வருடம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வரும் ஞாயிறு ஒரு மணி நேரம் குதிரையில் தாக்குப்பிடித்தால் அதே வேலை. இல்லையென்றால் டிக்கெட் மேசை.

"மத்த சேணத்துல கால்மணி நேரம்கூட முடியலக்கா. இந்த ஒடஞ்சத வேணும்னா சரிபண்ணிக்கன்னாங்க."

"நல்ல ஸ்பொஞ்சா வச்சுத் தாறன்."

"ஸ்பொஞ்சு ஆகாதுக்கா. தோலு மேல தோலா ஒட்டிச் செதுக்கணும்."

ரஜனி கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். மேலே தெரியும் தோல் வெறும் போர்வைதான். பாரம் முழுவதையும் தாங்குவது உள்ளே மறைந்திருக்கும், தோலைச் செதுக்கிச் செய்த அடி இருக்கை. தெரியாத ஒன்றுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று யோசித்துக்கொண்டே நானும் பார்த்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிய நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தக் கடையில்தான்.

சாச்சி தடித்த தோலை நனைத்துச் சட்டத்தில் ஆணியடித்தாள். காய்ந்ததும் கத்தியால் சீவினாள். தொடை வரும் இடம் ஒடுக்கம், நடுவில் சிறு பள்ளம். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். கைப்பேசியில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து மேலே வைத்தேன்.

"ரெண்டு பக்கமும் அச்சு மாதிரி ஈக்கு சாச்சி."

வியாழக்கிழமை ரஜனி வந்து ஏறி உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் முகம் சுருங்கியது.

"வலது பக்கம் கீழ போறேன்."

"மட்டம் சரியாத்தானே இருக்கு" என்றேன்.

"அப்ப நாந்தான் சரியில்ல போல" என்று சிரித்தாள்.

சாச்சி சிரிக்கவில்லை. தோலை மறுபடியும் நனைத்தாள். "நிஷ்மியா, ஷட்டரை இழு" என்று என்னிடம் சொன்னாள். "ரஜனி, நீ ஏறிக் குந்து. பத்து நிமிஷம் அசையப்படாது."

"ஈரமா இருக்கேக்கா."

"மழையில நீ குதிர ஏறினதில்லையா?"

அவள் இறங்கியபோது ஈரத்தோலில் இரண்டு குழிகள் பதிந்திருந்தன. வலது குழி விரல் நுனி அளவு கூடுதல் ஆழம். தடவிப் பார்த்தேன். முறிந்த எலும்பு நேராகப் பொருந்தியதா என்று ரஜனியிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

சாச்சி அந்தக் குழிக்கு மெல்லிய தோல்துண்டு ஒன்றை ஒட்டி, விளிம்பு தெரியாமல் சீவினாள்.

"இப்ப இது கோணல். வேற ஆள் குந்தினா சாய்வாங்க. மொதலாளி கேட்டா என்ன செல்லுவ?"

ரஜனி ஏறி உட்கார்ந்தாள். கால்மணி நேரம் இறங்கவில்லை.

"சாயட்டும்க்கா."

சனிக்கிழமை மேல்தோலைப் போர்த்தித் தைத்துக் கொடுத்தோம். மறுநாள் பகல் ரஜனியின் அழைப்பு வந்தது.

"ஒன்னேகால் மணி நேரம்க்கா. மொதலாளியும் ஏறிப் பாத்தாரு. கோணச் சேணம்னு திட்டிட்டு எறங்கிட்டாரு."

"யா அல்லாஹ். பொறகு?"

"சேணத்துல என் பேர எழுதித் தனி ஆணியில மாட்டச் சொன்னாரு. செவ்வாக்கெழமை நாலு பேரக் கூட்டிட்டுப் போறேன்."

"வலிச்சதா புள்ள?"

"வலிச்சிச்சுதான்" என்றாள் ரஜனி.