ஒற்றை எழுத்தாய்ப் போன பெயர்கள்

எனக்கு யாரையும் சட்டென்று பாராட்ட வராது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் என் வயதே ஆன ஒருத்தியை மனதார மெச்சுகிறேன் என்றால் அதற்கு ஒரு கோடை விடுமுறைதான் காரணம்.

தருமபுரியில் நாங்கள் படித்த கல்லூரியில் சிறுதானியங்கள் பற்றி ஒரு சர்வதேச மாநாடு நடத்தினார்கள். ஒத்தாசைக்கு எட்டு மாணவிகளை இன்டர்ன்ஷிப்பில் எடுத்தார்கள். மதியச் சாப்பாடும் கடைசியில் ஒரு சான்றிதழும் உண்டு. நான் சேர்ந்தது அதற்காக இல்லை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் உதவித்தொகையோடு மேற்படிப்புக்கு வருடத்துக்கு ஒரே ஒருவரை எடுத்தது. மாநாட்டை நடத்திய பேராசிரியை பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் நேர்காணலுக்காவது கூப்பிடுவார்கள். தொப்பூரில் நெடுஞ்சாலையோரம் ஓட்டல் வைத்திருக்கும் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

"உதவித்தொகை கெடச்சா போ. இல்லன்னா ஓட்டலுக்கு வந்து உக்காரு."

லாரிக்காரர்களுக்குப் பரோட்டா பார்சல் கட்டுவதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அது வேண்டாம்.

அதே கடிதம் எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியான அவளுக்கும் வேண்டியிருந்தது. மொரப்பூரில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். முக்காட்டைச் சரிசெய்தபடி தினமும் முதல் ஆளாக பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஆரம்பத்தில் எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. எந்த வேலையைக் கொடுத்தாலும் பதறமாட்டாள், புலம்பமாட்டாள். நான் நாள் முழுக்கப் பதறியும் முடிக்காததை அவள் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, "உன்னுதுல பாதி குடு" என்று வந்து நிற்பாள். எரிச்சல் வருமா வராதா?

விருந்தினர்கள் கழுத்தில் மாட்டும் பெயர் அட்டைகள் என் பொறுப்பு. அவர்கள் அனுப்பிய படிவங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. நமக்குத் தெரிந்தது என்ன? நம்முடைய பெயர் முழுதாக வரும். அப்பா பெயர் முன்னால் ஒற்றை எழுத்தாக நிற்கும். ரேஷன் கார்டிலும் அப்படித்தான், கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான். கடைசிப் பெயர் என்றால் அப்பா பெயராகத்தான் இருக்கும் என்று நானே தீர்மானித்து, வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் இனிஷியல் போட்டுவிட்டேன். அட்டையில் இடம் மிச்சமாகிறது என்று பெருமை வேறு. பட்டியலைப் பேராசிரியை பார்த்தார், அச்சகத்துக்காரர் பார்த்தார். ஒருவருக்கும் உறுத்தவில்லை. எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள்தானே!

மாநாட்டின் முதல் நாள் காலை, பதிவு மேசையில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டு அம்மாள் வந்தார். அட்டையை வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், இது தன்னுடையது இல்லையே என்று மெதுவாகச் சொன்னார். படிவத்தை எடுத்துக் காட்டியதும் சிரித்துவிட்டார். அது அப்பா பெயர் இல்லை, குடும்பப் பெயர், தன் கட்டுரைகளும் புத்தகங்களும் எல்லாமே அந்தப் பெயரில்தான் வந்திருக்கின்றன என்று பொறுமையாக விளக்கினார். உலகம் அவரை எந்தப் பெயரால் அறிந்திருந்ததோ, அதைத்தான் நான் ஒற்றை எழுத்தாக்கி வைத்திருந்தேன். மேசை மேல் அதே மாதிரி நூற்றுக்கும் மேற்பட்ட அட்டைகள் வரிசையாகக் கிடந்தன.

கடிதம் போயிற்று, பெங்களூர் போயிற்று, ஓட்டல்தான் என்று தெரிந்துவிட்டது. அவள் காதோரம் குனிந்து, "அச்சகத்துல மாத்திப் போட்டுட்டாங்கன்னு சொல்லிடலாம்டி" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை. "அந்த அண்ணன் நீ குடுத்ததத்தான் அப்படியே அடிச்சாரு. அவரு பொழப்புல மண்ணப் போடாத. எந்திரி, மேடம்கிட்ட போலாம்."

"எனக்கு லெட்டரு குடுக்கமாட்டாங்கடி."

"குடுக்காம போனா போறாங்க. எந்திரி."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். பேராசிரியையின் முன்னால் என்னை நிறுத்திவிட்டு, தான் ஒரு வார்த்தையும் பேசாமல் பக்கத்தில் நின்றாள். நான்தான் தப்புப் பண்ணிட்டேங்க மேடம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் என் கையிலிருந்த அட்டையை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நானும்தான் பாத்தேன், எனக்கும் தெரியல" என்றார். பிறகு, "தொடக்க விழா எத்தன மணிக்கு?"

"பத்துங்க மேடம்."

"இப்ப எட்டே முக்கால். இன்னும் ஏன் இங்க நிக்கறீங்க?"

திரும்ப அச்சடிக்க நேரமில்லை. அவள் ஓர் அட்டையை உறையிலிருந்து உருவிப் புரட்டினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கெட்டியான மார்க்கர் பேனாக்களை மேசை நெடுக வைத்தாள். வந்தவர்களிடமெல்லாம், தவறு எங்களுடையது, உங்களை நாங்கள் எப்படிக் கூப்பிட வேண்டுமோ அப்படியே நீங்களே எழுதிக்கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய ஆங்கிலம் ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் அந்தக் குரலில் கூச்சம் துளியும் இல்லை. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே எழுதினார்கள். சிலர் தங்கள் ஊர் எழுத்திலும் சேர்த்து எழுதி, உச்சரிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். வரிசையில் நின்ற இடத்திலேயே ஒருவருக்கொருவர் அறிமுகமாகிவிட்டார்கள். சித்தேரியிலிருந்து சாமை விதையோடு வந்திருந்த ஒரு விவசாயி அக்கா, தன் அட்டை சரியாக இருந்தும், "எனக்கும் பின்னாடி எழுதிக் குடு கண்ணு, எல்லாரும் எழுதறாங்கல்ல" என்றார். அவள் அழகாக எழுதிக்கொடுத்தாள். விழா சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கியது.

மாநாடு முடிந்ததும் இரண்டு பேருக்கும் கடிதம் கிடைத்தது. என்னுடையதில் ஒரு வரி: தன் பிழையைத் தானே முன்வந்து ஒப்புக்கொண்டவர். படித்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, நானாகவா போனேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

நேர்காணலுக்கு இருவருமே மொரப்பூரில் ரயிலேறிப் பெங்களூர் போனோம். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அந்த வரியில் விரலை வைத்து, "நீங்களாகவே போய்ச் சொன்னீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

"இல்லை" என்றேன். "அச்சகத்தின் மேல் பழி போடத்தான் இருந்தேன். கூட வேலை செய்த பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அட்டையைப் புரட்டி எழுதவைத்ததும் அவள்தான்."

"அவர் இப்போது எங்கே?"

"வெளியே பெஞ்சில் இருக்கிறாள். எனக்கு அடுத்தது அவள்."

இடம் அவளுக்குக் கிடைத்தது. செய்தி வந்த அன்று ஓட்டல் அடுப்படியில் நின்று அழுதேன். வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். அவளைப் போனில் கூப்பிட்டு வாழ்த்த எனக்கு இரண்டு நாள் பிடித்தது. எடுத்ததும் அவள் கேட்டாள், "உள்ள என்னடி சொன்னே? படிப்பப் பத்திக் கேக்கவே இல்ல. அட்டையப் பத்தியேதான் கேட்டுட்டு இருந்தாங்க."

"நடந்ததத்தான் சொன்னேன்."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.