பஸ்ஸில் உதிர்ந்த ரஸ்தாளி

பூவனா, ரஸ்தாளியா என்று எங்கள் வீட்டில் ஒரு வருஷம் முழுக்கச் சண்டை நடந்தது. ஜீயபுரத்தில் ஆற்றோரம் இருந்த கொல்லையில் அப்பா பாதியில் பூவன் வாழை போட்டார். மீதியில் சித்தப்பா ரஸ்தாளி போட்டார். பள்ளிப் படிப்பை முடித்ததும் விவசாயம்தான் செய்வேன் என்று நின்றவர் சித்தப்பா. அப்பாவோ அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை பேசி வைத்திருந்தார். எது முந்தி வருகிறது, எது அதிகம் காய்க்கிறது, எது ருசி என்று பார்ப்பது. ரஸ்தாளி தோற்றால் சித்தப்பா பட்டறைக்குப் போக வேண்டும். இதுதான் பந்தயம். தீர்ப்பு சொல்ல வேண்டியவள் இருவருக்கும் அக்காவான ஸ்ரீரங்கத்து அத்தை.

நான் சித்தப்பா கட்சி. என்னைத் தோளில் வைத்து வாய்க்கால் தாண்டுபவர் அவர்தானே! அவர் போய்விட்டால் என் கதி?

பூவன் முந்திக்கொண்டு குலை தள்ளியது. தாரும் பெரிசு. எனக்குச் சோறு இறங்கவில்லை. சித்தப்பா மட்டும், "ருசியில பாத்துக்குவோம் பாப்பா" என்று சிரித்தார்.

ரஸ்தாளி முற்றும்வரை அப்பா தன் தார் ஒன்றை மிச்சம் வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பழுக்கப் புகை மூட்டினார்கள். பழுத்த ரஸ்தாளி காம்பில் நிற்காது, செங்காயாகவே எடுத்துப் போய்விடலாம் என்றார் அப்பா. நன்றாகப் பழுத்தால்தான் ருசி தெரியும் என்று சித்தப்பா கேட்கவில்லை.

அத்தை வீட்டுக்குக் கிளம்பிய பஸ் முதல் பள்ளத்தில் இறங்கியதுமே சித்தப்பா மடியிலிருந்த தாரிலிருந்து இரண்டு பழம் பொத்தென்று விழுந்தது. அடுத்த குலுக்கலில் ஒரு சீப்பே கழன்றது. நான் பாவாடையை விரித்துப் பிடித்தேன். எத்தனையைத்தான் பிடிப்பது! பழங்கள் சீட்டுக்கடியில் உருண்டன. அப்பாவின் பூவன் தாரோ அசையவே இல்லை.

அப்போதுதான் அப்பா அந்தக் காரியத்தைச் செய்தார். உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கித் துண்டில் துடைத்து பஸ் முழுக்க விநியோகிக்க ஆரம்பித்தார். "சாப்பிட்டுப் பாருங்க, என் தம்பி போட்டது!"

"தேனால்ல இருக்கு! இன்னொன்னு குடுங்க," என்றார் கூடைக்கார அம்மாள்.

"கன்னு கிடைக்குமாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"என் தம்பியைத்தான் கேக்கணும்," என்றார் அப்பா. கண்டக்டருக்கு மட்டும் இரண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன தந்திரம்! அத்தைக்குப் பழமே போய்ச் சேராமல் செய்கிறாரே! இந்த வெள்ளந்திச் சித்தப்பாவோ கூடவே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கியபோது சித்தப்பாவின் தோளில் வெறும் தார்த்தண்டு. நான் பாவாடையில் காப்பாற்றிய ஒரே பழம் நசுங்கியிருந்தது. அத்தை அதை வழித்துத் தின்றாள். பிறகு பூவனைத் தின்றாள்.

"முந்தி வந்தது பூவன், பெரிய தாரும் பூவன், முழுசா வந்து சேந்ததும் அதான். ருசி மட்டும்தான் ரஸ்தாளி. பெரியவன் ஜெயிச்சான்."

நான் ஓவென்று அழுதேன். "அப்பாதான் அத்தை! என் தம்பி போட்டது, என் தம்பி போட்டதுன்னு சொல்லிச் சொல்லி எல்லாத்தையும் குடுத்துட்டாரு!"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். அத்தைக்குச் சிரிப்பு தாங்காமல் புரையேறியது. "ஏண்டா, இவனையா பட்டறைக்கு அனுப்பப் போறே?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்க்கா. நீ காபி போடு."

திரும்பி வரும் பஸ்ஸில், அடுத்த நடவுக்கு ரஸ்தாளிக் கன்று எவ்வளவு தேறும் என்று அப்பா சித்தப்பாவிடம் விசாரித்துக்கொண்டே வந்தார். அப்பா மடியில் உட்கார மாட்டேன் என்று நான் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன். பழத்தைத் தீர்த்தது போதாதென்று இப்போது கன்றையும் பறிக்கப் பார்க்கிறாரே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.