உங்கா பேன் பார்த்த தலை

மலாய் நாட்டில் தம்போயைத் தாண்டி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் நான் ஆயாவாக இருந்தேன். துரையின் பிள்ளைகளைச் சீமைக்குப் படிக்க அனுப்பிய பிறகு எனக்கு மிஞ்சியவை கூண்டில் இருந்த இரண்டும்தான். குரங்கு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வால் கிடையாது, கை நீளம், முகத்தைச் சுற்றி வெள்ளை முடி. மலாய்க்காரர்கள் உங்கா என்பார்கள். புதுக்காடு வெட்டியபோது தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியாகப் பிடித்து வந்தது பெண். மூவாரிலிருந்து துரையின் சிநேகிதர் ஒருவர் கொடுத்தது ஆண். பங்களாவுக்குப் பின்னால் பலாமரத்தடியில் கம்பிக்கூண்டு கட்டி இரண்டையும் அதில் விட்டிருந்தார்கள்.

விடிந்ததும் அவள்தான் ஆரம்பிப்பாள். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக ஏறும் குரல். அவள் உச்சிக்குப் போய் முடிக்கும்வரை அவன் வாயைத் திறக்க மாட்டான். முடித்ததும் பதில் கொடுப்பான். "ஒம் மருமக எந்திரிச்சிட்டா" என்று, தோட்டக் கூலியாட்கள் குடியிருந்த லயத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள்.

வேலை முடிந்த மாலைகளில் அந்தப் பெண்கள் லயத்துப் படிகளில் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். தோட்டத்து வம்பெல்லாம் அப்போதுதான் அலசப்படும். பங்களாவில் எனக்கு அந்தத் துணை இல்லை. ஒருநாள் கொண்டையை அவிழ்த்துவிட்டுக் கூண்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு விரல் என் முடியைப் பிரித்தது. அவள்தான். என் தலையில் பேன் கிடையாது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் வெகு நேரம் பொறுமையாகத் தேடினாள். பிறகு திரும்பி உட்கார்ந்து தன் முதுகைக் கம்பியோடு ஒட்டினாள். இப்போது என் முறை. பெண்களுக்குள் அதுதானே நியாயம். அன்று முதல் தினமும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு விருந்தாளிகள் வேடிக்கை பார்க்கட்டும் என்று, துரை ஆண் உங்காவை மட்டும் வெளியே எடுத்து இடுப்பில் சங்கிலி போட்டு வராந்தாவில் கட்டினார். நாலு நாள். அவள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். வைத்த பழம் வைத்தபடி இருந்தது. தன் கை முடியைத் தானே பிய்த்துப் போட்டாள். நான் துரைசாணியிடம் ஓடினேன். அவருக்குத் தமிழ் துரையைவிட நன்றாக வரும்.

"அம்மா, பிரிச்சு வச்சா ரெண்டுல ஒண்ணு செத்துரும். வந்து பாருங்க."

வந்து பார்த்தார். கண் கலங்கியது. அன்றே அவனைக் கூண்டில் விடச் சொன்னார். "இனிமே பிரிக்க மாட்டேன். சத்தியம்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். துரைசாணி ஒருவர் ஆயாவின் கையைப் பிடிப்பது லேசில் நடக்கிற காரியமா? உருகிப்போனேன். மடச்சி நான்.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. துரை குடும்பம் சீமைக்குத் திரும்புவதாக முடிவானது. பியானோ போயிற்று, நாற்காலிகள் போயின. நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"உங்காவ என்னம்மா செய்யப் போறீங்க?"

"சிங்கப்பூர்ல ஒரு பெரிய மனுஷர் வீட்டுத் தோட்டத்துக்குப் போகுது. நல்ல பெரிய கூண்டு."

"ரெண்டும் ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான்."

லாரி வந்தது ஒரு காலை வேளையில். இரண்டு ஆட்கள் பெட்டியை இறக்கிக் கூண்டு வாசலோடு ஒட்டி வைத்துக் கம்பால் அவளைத் தள்ளிப் பார்த்தார்கள். அவள் கூரையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். ஒருத்தன் விரலைக் கடித்துவிட்டாள். துரைசாணி என் பக்கம் திரும்பி, "நீ கூப்பிட்டா வருவா" என்றார்.

எனக்குப் பெருமை பொங்கியது. என்னைத் தவிர யாரிடமும் வரமாட்டாள் என்று தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான்தானே. பெட்டியின் மறுபக்கம் மரச்சட்டம் அடித்திருந்தது. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். பெட்டிக்குள் நுழைந்தாள். சட்டங்களுக்கு நடுவே விரலை விட்டு என் முடியைப் பிரித்தாள். அவளுக்குப் பின்னால் பெட்டியின் கதவுப் பலகை விழுந்தது. பயத்தில் என் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவித்தேன். "பயப்படாதடி, அவனும் வர்றான்" என்று சொன்னேன்.

பெட்டியை ஏற்றினார்கள். இன்னொரு பெட்டியைத் தேடினேன். லாரியில் கயிறும் சாக்கும் தவிர வேறெதுவும் இல்லை.

"அவங்க பொண்ண மட்டும்தான் கேட்டாங்க" என்றார் துரைசாணி.

"ஒண்ணாத்தான்னு சொன்னீங்களேம்மா."

"அப்படிச் சொல்லலன்னா நீ கூப்பிட்டிருக்க மாட்டே."

குரல்கூட உயரவில்லை. வாய் தவறி வந்த பொய் என்றால் மன்னித்திருப்பேன். இது என்னை அளந்து பார்த்து, எனக்கென்றே தைத்த பொய். லாரியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். ஆயா கத்தினால் எந்த லாரி நிற்கும்? உள்ளேயிருந்து அவள் அலற, அவன் கம்பியோடு கம்பியாக ஓடிக்கொண்டே பதில் கொடுத்தான். லாரிச் சத்தம் அடங்கிய பிறகும் நிறுத்தவில்லை.

நான் பயந்தபடி அவன் சாகவில்லை. இரண்டு நாள் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் சமையல்காரச் சீனர் நீட்டிய ரொட்டியை வாங்கினான். கப்பலேறும் முன் துரைசாணி வந்து பிஸ்கட் கொடுத்தார். அதையும் வாங்கித் தின்றான். "பாத்தியா, நல்லாத்தானே இருக்கான்" என்றார் என்னிடம்.

நானும் ஒரு வாழைப்பழத்தை நீட்டினேன். அவன் கூண்டின் உச்சிக்கு ஏறிப் போய், அங்கிருந்து என் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். பொய் சொன்னது யார் என்று அவனுக்குத் தெரியாது. அவளைப் பெட்டிக்குள் கூப்பிட்டது யார் என்பதை மட்டும் பார்த்திருந்தான்.